உள்ளங்கை அளவு சன்னல்

1

போன வியாழக்கிழமை தம்பி ஏழுமலை வாட்ஸப்பில் ஒரு அழைப்பிதழ் அனுப்பினான். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு முடிந்து ஒரு வருடம் ஆகிறது, அடுத்த வெள்ளிக்கிழமை வருஷாபிஷேகம், அனைவரும் வருக. விழாக்குழு என்று போட்டு ஒரு பெரிய பெயர்ப் பட்டியல். அதில் ஒன்பதாவது அவன் பெயர். அழைப்பிதழின் பின்னணியில் கோயில் மண்டபத்தின் கூரை தெரிந்தது. ஆகாய நீலத்தில் எனாமல் பெயிண்ட் அடித்து, நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு தாமரை, மூலைக்கு ஒரு கிளி. "எப்டிக்கா இருக்குது?" என்று கீழே கேட்டிருந்தான்.

நான் பதில் போடவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் மகள், "சூப்பர்மா" என்றாள். பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். எதைக் கேட்டாலும் ஜெர்மனில்தான் பதில் வரும். தமிழில் அவளிடம் மிச்சம் இருப்பது அம்மா, சூப்பர், பசிக்கல என்ற மூன்று சொற்கள். அதில் ஒன்றை மனதாரச் செலவழித்துச் சொல்லியிருக்கிறாள், அவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அந்த நீலத்துக்கு அடியில் ஒரு பழைய ஓவியம் இருந்தது என்று முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறேன். "வெறும் கறுப்பாகத்தானே இருந்தது" என்று கேட்டாள். அதுவும் சரிதான்.

ஊரில் இருக்கிற நீங்கள் வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தக் கூரை ஓவியம் போனதற்கு நான்தான் காரணம். யாரும் என்னை அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

2

கொலோன் நகரத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. பழைய ஓவியங்களின் மேல் படிந்த அழுக்கை எடுக்க வேண்டும். "எங்க பொண்ணு அங்க படம் தொடைக்குது" என்று அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் சொல்வாள். ஜெர்மன் மொழியில் என் பதவிக்கு ஒரு முழம் நீளத்துக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

பழைய படத்தின் மேல் தண்ணீரை ஊற்றித் துடைத்தால் அழுக்கும் போகும், படமும் சேர்ந்து போகும். எங்கள் தொழிலின் மொத்தச் சிக்கலும் இதுதான். அதற்காகத்தான் ஜெல். பெரிய மந்திரம் எதுவும் இல்லை, கடல்பாசிதான். ரம்ஜான் நேரத்தில் சின்னசேலத்துத் தோழி வீட்டில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, ஆறியதும் துண்டு போட்டுத் தருவார்கள், அதே கடல்பாசி. நாங்கள் பாலும் சர்க்கரையும் போடுவதில்லை, அழுக்கை இளக்குகிற மருந்தைத் துளி சேர்ப்போம். கெட்டியானதும் அது தண்ணீரைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தின் மேல் ஒட்டி வைத்தால், படம் நனையாது. அழுக்கு மட்டும் மெல்ல இளகி ஜெல்லுக்குள் ஏறும். பத்து நிமிடம் கழித்து உரித்தால் அழுக்கு அதோடு வந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு.

முழுப் படத்திலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சுத்தம் செய்து பார்ப்போம். அதற்குச் சன்னல் திறப்பது என்று பெயர். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும், படத்தின் சொந்தக்காரருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டலாம். சன்னலைப் பார்த்ததும் எல்லோரும் மிச்சத்தையும் உடனே செய்யச் சொல்வார்கள். நாங்கள் மாட்டோம். கூட்டம் போடுவோம், அறிக்கை எழுதுவோம், அனுமதி கேட்போம். ஒரு வருடம் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். அதுவரை அந்தச் சன்னலோடு படம் அப்படியே தொங்கும். இங்கே யாரும் பொறுமை இழந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பதினெட்டு வருடம் இவர்களோடு இருந்ததில் எங்கள் ஊரும் அப்படியே காத்திருக்கும் என்று நம்பிவிட்டேன்.

3

இங்கே என்னைக் கூப்பிடும் பெயர் கோவிந்தசாமி. அது என் அப்பா பெயர். கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தில், "திருமதி கோவிந்தசாமி, ஆறாவது அறை" என்று கூப்பிடுவார்கள். திருமதி கோவிந்தசாமி என்றால் அது என் அம்மா. அம்மாவுக்குப் பதிலாக நான் எழுந்து போவேன். போன முறை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, நான் பிறந்த ஊர் எந்த மாவட்டம் என்பதில் ஒரு மணி நேரம் போனது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம், புதிதாக எடுத்த தாளில் கள்ளக்குறிச்சி மாவட்டம். நான் இடம் மாறவில்லை, மாவட்டம்தான் பிரிந்தது என்று சொன்னேன். அந்த அதிகாரி அம்மாள் நம்பாமல் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு சான்று கொண்டு வரச் சொன்னார்.

ஊரிலும் இதே கதைதான். கூரை ஓவியம் போவதற்கு முன்னால், அதைப் பற்றிப் பழைய கோயில்களைக் கவனிக்கிற ஒரு அரசு அலுவலகத்துக்கு இங்கிருந்து மூன்று கடிதம் எழுதினேன். குறிப்பிட்ட கோயில் தங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரு பதில் வந்தது. பட்டியலில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. உள்ளூர்க் கோயில், உள்ளூர்க் குழு, அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

4

நான் அந்த மண்டபத்தில் விளையாடி வளர்ந்தவள்தான். மேலே படம் இருப்பது எனக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஏற்றிய எண்ணெய் விளக்கின் கரியும் பிசுக்கும் ஏறி, கூரை தோசைக்கல்லைப் போலத்தான் இருந்தது. படம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் சடையன் அண்ணன். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்.

அவருடைய மலைக் கிராமத்துக்கும் எங்கள் கோயிலுக்கும் ஒரு முறை உண்டு. பங்குனித் திருவிழாவின் முதல் நாள் அவர்கள் தேன் குடம் கொண்டு வருவார்கள். பெருமாளுக்குச் சாத்திய துணியை அர்ச்சகர் தலையில் கட்டிவிடுவார், அதற்குப் பரிவட்டம் என்று பெயர். முதல் பரிவட்டம் தேன் கொண்டு வந்தவருக்கு. நான் ஜெர்மனிக்கு வந்த பிறகு அது மாறிவிட்டது. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு வருடம் குழுவில் யாரோ கேட்டார்கள். எழுதின தாள் எதுவும் மலைக்காரர்களிடம் இல்லை. அன்றிலிருந்து மலையடிவாரத்துக் கீழ்நாட்டுக் குடும்பங்கள் முறை வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். மலைக்காரர்கள் தேனை மட்டும் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிறார்கள். முறை வைத்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலையில் பரிவட்டத்தோடு ஏழுமலை நிற்கிற படத்தை ஃபிரேம் போட்டு இங்கே என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். அது யாரிடமிருந்து எடுத்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

போன வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கரும்பு வெட்டுக் காலம். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால், நைனார்பாளையம் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் சடையன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டாராம்.

"கரி புடிச்ச படத்தெல்லாம் நீங்க தொடச்சி எடுப்பீங்களாமேம்மா?"

"ஆமாண்ணே. அதான் என் வேல."

"எங்க ஆளுங்க கோயில் கூரையில இருக்காங்கம்மா. தேன் கொடத்தோட நிக்கிறாங்க, பரிவட்டம் கட்றாங்க. எங்கப்பா காட்டினாரு. கருடனுக்கு இந்தாண்ட மூணாவது கட்டம். இப்ப ஒண்ணும் தெரியல, கரியாதான் இருக்குது. அத மட்டும் எடுத்துக் காட்டிட்டீங்கன்னா போதும். எழுத்து எங்கடான்னு கேக்கறவங்கள நிமுந்து பாக்கச் சொல்லிடுவேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். கட்டத்தில் ஒரு ஆள், தோளில் ஒரு குடம், தலையில் ஒரு துணி.

எதற்கும் இருக்கட்டும் என்று கால் கிலோ கடல்பாசித் தூள் கொண்டு போயிருந்தேன். விமான நிலையத்தில் அந்த வெள்ளைத் தூளைப் பார்த்துச் சுங்க அதிகாரியின் முகம் மாறியது தனிக் கதை. ஏழுமலையிடம் கேட்டேன். அவன் குழுவில் பேசிவிட்டு வந்து, "தொட்டுப் பாத்துட்டுப் போவட்டும், இன்னா இப்பன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றான். அம்மாவின் பால் பாத்திரத்தில் ஜெல் காய்ச்சி, ஹாட்பாக்ஸில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். பந்தல்காரரிடம் வாங்கிய சாரத்தில் ஏறி, மூன்றாவது கட்டத்தில் வெதுவெதுப்பாகத் தூரிகையால் பூசினேன். கூரையிலேயே இறுகி ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருந்து உரித்தேன். ஜெல் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. மறுபடி பூசினேன். மூன்றாவது தடவை உரித்ததும், பக்கக் கொண்டை போட்ட ஒரு தலை தெரிந்தது. குனிந்த தலை. அதன் மேல் துணி சுற்றும் இரண்டு கைகள். துணியின் கரை நேற்று தீட்டியதைப் போலச் சிவப்பாக இருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தச் சாரத்தின் மேல்தான்.

கீழே இருந்து சடையன் அண்ணன் குரல் கொடுத்தார். "பரிவட்டம்மா! சொன்னேன் பாத்தீங்களா? இன்னும் ஒரு நாலு வெரக்கட இப்பிடி தள்ளுங்க. தோள்ல கொடம் இருக்கும்."

நாலு விரல் அகலம்தான் கேட்டார், நான் செய்யவில்லை. சன்னல் உள்ளங்கை அளவுக்கு மேல் போகக் கூடாது. பதினெட்டு வருடமாக என் கைக்கு அது பழகியிருந்தது. முதலில் படம் எடுக்க வேண்டும், அளவு எடுக்க வேண்டும், சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் சாரத்தின் மேல் நின்றுகொண்டே அவருக்குப் பாடம் எடுத்தேன். "அடுத்த வருசம் வந்து மொத்தமா, மொறையா செய்யலாம்ணே. எத்தினியோ வருசமா இருக்குது, ஒரு வருசத்துல எங்க ஓடிடப் போவுது?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். ஹாட்பாக்ஸில் பாதிக்கு மேல் ஜெல் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கொட்டினேன்.

சாயங்காலம் ஊரே வந்து பார்த்தது. சன்னலுக்கு நேர் கீழே நின்று எல்லோரும் அண்ணாந்தார்கள். குழுவில் ஒருவர், "ஒரு பல்ல மட்டும் வெளக்கின மாதிரி இருக்குதே" என்று சொல்லவும் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஏழுமலை அதைப் படம் பிடித்து, எங்க அக்கா என்று ஸ்டேட்டஸ் வைத்தான்.

5

அந்த வருட ஆனியில் குடமுழுக்கு. அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலை நேரம், அருங்காட்சியகப் பணிக்கூடத்தில் ஒரு சிறிய மரப் பலகை ஓவியத்தின் மேல் ஜெல் வைத்துவிட்டு டைமரைத் திருகி வைத்திருந்தேன். ஏழுமலை வீடியோ அழைப்பில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, பாருக்கா! நீ ஒரு கட்டத்துக்கே நாளு பூரா குந்திக்கினு இருந்தியே. இவங்க ஒரே நாள்ல மொத்தத்தையும் முடிச்சிட்றாங்க!"

போனைத் திருப்பினான். மண்டபத்துக்குள் இரண்டு பேர் லாரி கழுவுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழாயிலிருந்து சலவைச் சோடா கலந்த தண்ணீர் கூரையில் போய் அடித்தது. தூண்களில் தண்ணீர் வழிந்தது. முதலில் கறுப்பாக வழிந்தது. பிறகு காவி நிறமாக வழிந்தது. பிறகு பச்சை. நான், "நிறுத்துடா, நிறுத்தச் சொல்லுடா" என்று கத்தினேன். இங்கே பணிக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "சூப்பரா போவுதுக்கா, கரி மொத்தமும் போவுது பாரு" என்றான். என் டைமர் அடித்தது. ஜெல்லை உரிக்க வேண்டிய நேரம். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் போய் உரித்தேன். இந்தப் படத்தையும் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம்தான். மேலதிகாரி உர்சுலா வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை ஏழுமலையைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"இன்னாக்கா நீ? நீதான ஆரம்பிச்ச? ஒரு எடத்துல மட்டும் பளிச்சினு ஆக்கிட்டுப் பூட்ட. அப்புறம் மத்ததெல்லாம் அழுக்கா தெரியுதுன்னு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. குடமுழுக்குக்கு வெளியூர்லருந்து வரவங்க இன்னா நெனப்பாங்க? நாங்களும் உன்ன மாதிரி சுத்தம் பண்ணலாம்னுதான் பண்ணோம்."

"படம் போச்சேடா."

"அடியில அவ்ளோ சாயம் இருந்திச்சின்னு யாருக்கா கண்டது? சுண்ணாம்புலாம் உளுந்துட்ச்சி. அதான் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கோம்."

தம்பி வேண்டுமென்று செய்தான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அந்த அளவுக்குச் சூது கிடையாது. குழுவில் மற்றவர்களுக்கு? தெரியாது. அந்த மூன்றாவது கட்டத்தில் யார் இருப்பதாகச் சடையன் அண்ணன் சொன்னார் என்று ஊருக்கே தெரியும். இதை எழுதும்போதும் தம்பியைப் பற்றி நான் எழுதிய வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் சன்னல் திறக்கவில்லை. மணிக்கட்டு வலி என்று சொல்லி அந்த வேலையை வேறொருவருக்குத் தள்ளிவிடுகிறேன். உர்சுலா எல்லாம் புரிந்தவர்போல ஒன்றும் கேட்பதில்லை. அவரை எங்கள் பணிக்கூடத்து வழக்கப்படி நீ என்றுதான் பேச வேண்டும், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படிப் பேச நாக்குக் கூசுகிறது. அதனால் பாதி விஷயத்தை அவரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறேன்.

6

வருஷாபிஷேகத்துக்கும் தேன் கொண்டு வர வேண்டும் என்று குழு மலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது. முதல் பரிவட்டம் கொடுத்தால்தான் தேன் என்று இந்த முறை மலையில் சிலர் சொல்லிவிட்டார்கள். தாலுக்கா ஆபீசில் அமைதிக் கூட்டம் வைத்தார்கள். ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னாராம். சடையன் அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"அந்த போட்டோ உங்ககிட்ட இருக்குதில்லம்மா? அதுல இருக்கிறது மலை ஆளுதான்னு உங்க ஆபீஸ் தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வெளிநாட்டுல அதே வேல செய்றவங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

போட்டோ இருந்தது. அருமையான போட்டோ. கொண்டையின் ஒவ்வொரு முடியும் தெரியும். குனிந்த தலை, இரண்டு கைகள், துணி. தோள் இல்லை. குடம் இல்லை. அந்தத் தலை யாருடையது என்று அதில் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கீழ்நாட்டு ஆட்களும் பக்கக் கொண்டைதான் போட்டார்கள்.

மூன்று நாள் மதிய இடைவேளையில் அந்தக் கடிதத்தை எழுதினேன். மலைக்காரர் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். மறுப்பதற்குக் கூரையே இல்லை. எனக்கே அது உண்மை என்று தோன்றுகிறது, சடையன் அண்ணனின் அப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதினால் என் கையெழுத்துக்கு அப்புறம் மதிப்பு கிடையாது. இதை நேர்மை என்று பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு முகம் இல்லை, பயம் என்று சொல்வதுதான் சரி. இந்த முறை பரிவட்டம் யாருக்கு என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. எங்கள் குடும்பத்தின் முறை. அதுவும் எங்கேயோ ஒரு ஓரத்தில் இருந்திருக்கும், இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பரிவட்டம் பெறும் ஒருவர், அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நேற்று மதியம் அவர் மறுபடி கூப்பிட்டார். மலையில் அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது, பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறி வந்துதான் பேசுவார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வாத்தியார் படிச்சிச் சொன்னாரும்மா. அடையாளம் தெரியலன்னு போட்டிருக்குதாம்."

"ஆமாண்ணே. அவ்ளோதான் என்னால..."

"பரவால்லம்மா. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. சின்னசேலத்துல ஒரு ஸ்டூடியோவுல எவ்ளோ பெருசா வேணும்னாலும் போட்டுத் தராங்களாம். அந்த போட்டோவ நல்லா பெருசாக்கினா பக்கத்துல இருக்கிறது தெரியுமாம்மா? ஒரு நாலு வெரக்கடதான்."

கணினியில் அந்தப் போட்டோவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்த்தேன். அவர் இன்னொரு முனையில் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"தெரியாதுண்ணே. பெருசாக்கினா அந்தத் தலதான் பெருசாவும்."

"அப்பிடியா. செரிம்மா." காற்றுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "எங்க ஆளுங்ககிட்டப் பேசிட்டேன். சாமிக்குக் குடுக்கறத நிறுத்த வேணாம்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம காலையில தேன் எடுத்துக்கினு வந்துட்றோம். பின்னாலயே நின்னுக்கறோம். உங்க தம்பிக்குத்தான் இந்த வாட்டி கட்டறாங்களாம். நல்லா இருக்கட்டும்மா."